லாயத்தில் வேலை கிடக்கிறது

அந்தக் குதிரைக்காரனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருக்கும் எனக்கு. ஒரு வாரம் இரண்டு வாரமல்ல, ஏழெட்டு மாதமாக.

அறுபதுகளின் தொடக்கம் அது. புளியஞ்சோலைக்குச் சற்றுத் தள்ளி, கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் கடலைக்காய்க் காடு. நான் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். ஊர்ப் பெண்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் துறையூர் பஸ்ஸில் வாரப் பத்திரிகை வரும். கடலைக்காய் ஆய்கிற பெண்கள் செடிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் தொடர்கதையை உரக்கப் படிப்பேன். படிக்கிறவள் காய் ஆய வேண்டியதில்லை. என் பங்கையும் அவர்களே ஆய்ந்துவிடுவார்கள். ராணி மாதிரி உட்கார்ந்து படித்தேன் என்றே சொல்லலாம்.

கதை இதுதான். ஏழு மலைகளுக்கு நடுவே ஒரு நாடு. ராஜாவைக் கொன்றுவிட்டு சேனாபதி ஆள்கிறான். அவன் விரலில் ஒரு மந்திர மோதிரம். அதைத் தடவினால் எதிரே நிற்பவனின் மனத்திலுள்ள பயம் அவன் காதில் விழும். ராஜாவின் ஒரே வாரிசு, தான் யாரென்றே தெரியாமல் மலைக்கு அப்பால் குதிரை தேய்த்துக்கொண்டிருக்கிறான். சனங்கள் தேடிப் போய்க் காலில் விழுகிறார்கள். கிழவர்கள் வாளை நீட்டுகிறார்கள். அவன் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "என்னை விட்டுவிடுங்கள், லாயத்தில் வேலை கிடக்கிறது."

"போடா, நீயும் உன் லாயமும்!" என்று பத்திரிகையைத் தரையில் அடித்திருக்கிறேன்.

எங்களுக்குள் இரண்டு கட்சி. பக்கத்துக் காட்டுக்கார அக்கா சேனாபதி கட்சி. "அவன் கெட்டவனோ நல்லவனோ, எடுத்த காரியத்தச் செய்யறான். உன்ற ஆளு எதுக்கு லாயக்கு?" என்பாள். நான் குதிரைக்காரன் கட்சி. திட்டினாலும் அவன் என் ஆள்தான். என்றைக்காவது வாளைத் தொடுவான் என்று காத்துக் கிடந்தேன்.

அதே சமயத்தில் என்னையும் ஒரு வம்பு தேடி வந்தது. பஞ்சாயத்தில் பெண் ஒருத்தர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. தேர்தலில் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. உறுப்பினர்களே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றதும் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். படித்தவள் நான்தானே! பத்து ஆண்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதை நினைத்தாலே எனக்குப் பயம். முடியவே முடியாது என்றுவிட்டேன். மாமனார் வற்புறுத்தவில்லை. "உன்ற இஷ்டம் சாமி. ஐப்பசி கடைசிக்குள்ள சொல்லிப்போடு" என்றார்.

ஐப்பசியில்தான் கதை உச்சத்துக்கு வந்தது. சேனாபதி லாயத்துக்கே தீ வைத்துவிட்டான். குதிரைக்காரன் ஒரு கவட்டுப் பாதையில் நிற்கிறான். வலப்பக்கம் போனால் கோட்டை. இடப்பக்கம் போனால், பிழைத்த குதிரைகளோடு எங்காவது ஓடிவிடலாம். காலை எடுத்து வைத்தான். எந்தப் பக்கம்? தொடரும்!

அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து தண்ணீர் இறங்கி ஓடை நிரம்பி ஓடியது. பாலம் கிடையாது; பஸ் அக்கரையிலேயே திரும்பிப் போனது. ஒரு வெள்ளி போயிற்று. மறு வெள்ளியும் போயிற்று. எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அரிசி தீர்ந்ததைப் பற்றிக்கூட அவ்வளவு பேசவில்லை.

"கருப்பனார்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றாள் அக்கா.

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்பதுபோல, கதைக்குள் இருக்கிற ஒருவனுக்காகச் சாமியிடம் பூக் கேட்டவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வெள்ளரளி வந்தால் கோட்டைக்குப் போவான், செவ்வரளி வந்தால் போகமாட்டான். இரண்டையும் பூவரச இலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் கருப்பனார் முன்னால் போட்டோம். கதை தெரிந்தவள் என்று என்னையே வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். என் சின்ன மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

"பாத்தியா, ஓடிப்போவான்னு நான் சொன்னனா இல்லையா!" அக்கா குதித்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு இதழும் ஒன்றாக வந்தன. புதுக் குவியலைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் ஒரு காயைக்கூட ஆயவில்லை. முதல் வரியை மனத்துக்குள் படித்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் கோட்டைக்குப் போய்விட்டான்! எட்டு மாதம் காத்திருந்த என் ஆள், வாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்! துள்ள வேண்டியவள் நான். ஆனால் கருப்பனார் வேறு மாதிரியல்லவா சொல்லியிருக்கிறார்? சாமி வாக்கை நான் எப்படிப் பொய்யாக்குவது? பத்திரிகையைப் பார்த்தபடியே என் இஷ்டத்துக்கு அளந்துவிட்டேன். குதிரைக்காரன் இடப்பக்கம் திரும்பினானாம், குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போட்டானாம்.

அக்கா எழுந்து வந்து பத்திரிகையை வாங்கினாள். படம் இருந்தது. கோட்டை வாசல், கையில் வாளோடு அவன், எதிரே மோதிரத்தைத் தடவுகிற சேனாபதி.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது கண்ணு. கண்ணு நல்லாத் தெரியுது. எங்க இருக்குது புல்லு?"

சாமி வாக்குக்காகத்தான் மாற்றிப் படித்தேன் என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "பூக் கேக்கறப்ப மனசுல யார நெனச்ச?"

பொய் சொன்ன வாயால் மறுபடியும் பொய் சொல்ல முடியவில்லை. "எனக்குத்தானுங்கக்கா கேட்டேன். பஞ்சாயத்துக்குப் போறதா வேண்டாமான்னு."

அக்கா சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "அப்பச் சரி. சாமி பொய் சொல்லல. அவன் போயிட்டான். உன்னயத்தான் போவேண்டாம்னு சொல்லியிருக்குது. அவனுக்கு லாயம் இருந்தாப்பல உனக்கு ஊடு. நீ நிம்மதியா ஊட்ல கெட."

நான் கேட்க ஆசைப்பட்டதும் இதைத்தானே? செவ்வரளியைப் பார்த்ததும் அப்பாடா என்று மூச்சுவிட்டவள்தானே நான்? ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, உச்சந்தலை வரை ஏறியது.

"ஏன், நான் போனா என்ன?" என்று கத்தினேன். "அந்தக் குதிரக்காரனே போயிட்டான்!"

அவ்வளவுதான். கை தட்டினார்கள், கடலைக்காயை அள்ளி என் தலையில் போட்டார்கள். அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சேனாபதி கட்சிக்காரிக்கு என் பயம் மோதிரம் இல்லாமலே கேட்டிருக்கிறது. "சாமிகிட்ட நான் பேசிக்கறேன். ஒரு தேங்கா ஒடச்சாப் போவுது" என்றாள்.

ஐப்பசி முடிய இரண்டு நாள் இருந்தது. மாமனாரிடம் சொன்னேன். "வெய்யில்ல போவாத, கொடை எடுத்துட்டுப் போ" என்றார், அவ்வளவுதான்.

முதல் கூட்டத்துக்கு அக்கா வாசல் வரை வந்தாள். பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும் என்றேன். எதற்கு என்று தலைவர் கேட்டார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக, காயைச் சந்தைக்கு ஏற்ற, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக என்று அடுக்கினேன். எல்லாம் நிஜம்தான். ஆண்கள் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற அக்காதான் பக்கத்தில் இருந்தவளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "நம்ம ஆளு கோட்டைக்குள்ள போயிட்டாடி!"