செம்பட்டைக்கு ஆசைப்பட்டவள்

தேன் தலையில் பட்டால் முடி நரைத்துவிடும் என்று எங்கள் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டி வைத்திருப்பார்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். நம்பியதால்தான் பதினைந்து வயதில், ஒரு கோடை விடுமுறை முழுக்க, மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் தேனைத் தலையில் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். நரைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. கறுப்பிலிருந்து நரைக்குப் போகிற வழியில் எங்கேயாவது பழுப்பு வரும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் முடி கருகருவென்று இருக்க வேண்டும். வாரப் பத்திரிகையின் அழகுக் குறிப்புப் பக்கத்தைத் திறந்தால் கறிவேப்பிலை, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, எல்லாம் கறுப்பதற்குத்தான். செம்பட்டை என்றால் எண்ணெய் காணாத தலை, கவனிக்க ஆளில்லாத பிள்ளை என்று அர்த்தம். அந்தப் பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே சித்தி வெள்ளிக்கிழமை தவறாமல் என்னை உட்கார வைத்து, கண்ணெல்லாம் எரிய எரிய எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

சித்தி என்றால் அப்பாவின் இரண்டாவது மனைவி. அம்மா போனபோது எனக்கு நாலு வயது. இரண்டு வருஷம் கழித்து சித்தி வந்தாள். கதைகளில் வருகிற சித்தி மாதிரி அவள் என்னைப் படுத்தியதே இல்லை. கோபம் வந்தால் கத்துவாள், கத்தி முடித்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவ்வளவுதான். அவளால் எனக்குத் தர முடியாதது ஒன்றுதான். அவள் என் அம்மாவைப் பார்த்ததில்லை.

பார்த்திருந்த அப்பாவோ வாயைத் திறக்க மாட்டார். பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை அவருக்கு. கடையில் நாளெல்லாம் பேசிப் பேசிப் புடவை விற்பவர், வீட்டில் அம்மா பேச்சை எடுத்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். கூடத்தில் அம்மாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். அந்த மாதிரிப் படத்தில் எல்லோருடைய முடியும் கறுப்புதான்.

எனக்கென்று அம்மாவைப் பற்றி இருந்தது ஒரே ஒரு ஞாபகம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் மடியில் உட்கார்ந்து அடையாறு போகிறேன். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். வெயில் உள்ளே அடிக்கிறது. அண்ணாந்து பார்த்தால் அம்மாவின் முடி காற்றில் பறக்கிறது, வெல்லப்பாகின் நிறத்தில். முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்த நிறம் மட்டும் இருந்தது. அடிக்கடி அப்படிப் போவோம். எங்கே போனோம், எதற்குப் போனோம் என்று தெரியாது. சின்னப் பிள்ளைக்கு பஸ்ஸில் போவதே ஊர் சுற்றுவதுதான்.

அந்த வருஷம் ரேஷன் கடை வரிசையில், முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு அம்மாள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "அப்படியே உங்கம்மாவ உரிச்சு வெச்சிருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். அம்மா அதற்குள்ளே இருக்கிறாள், இந்தக் கறுப்பு முடிதான் மறைக்கிறது என்று தோன்றிவிட்டது. முடி மட்டும் அந்த நிறத்துக்கு வந்துவிட்டால் அப்பா என்னைப் பார்த்து, ஒரு தடவையாவது, "உன் அம்மா மாதிரியே இருக்கே" என்று சொல்லுவார். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அதற்காக நான் எதை வேண்டுமானாலும் தலையில் பூசிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

வெளுப்பதற்கு எந்தப் பத்திரிகையும் வழி சொல்லவில்லை. ஆனால் குறிப்புகளின் கடைசியில் "செய்யக்கூடாதவை" என்று கொஞ்சம் போடுவார்கள். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள், செம்பட்டையாகும். சோடா உப்பால் தலையை அலசாதீர்கள், செம்பட்டையாகும். நல்ல பிள்ளையாக அத்தனையையும் செய்தேன். தேன் மட்டும் என் சொந்தச் சேர்க்கை.

சாப்பாடு முடிந்து சித்தி கண்ணயர்ந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். தலையில் கீறல் இருந்த இடத்தில் எலுமிச்சை பட்டால் உயிர் போகும். சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. தேன் பூசிய இரண்டாம் நாளே எறும்புகளுக்குச் சேதி போய்விட்டது. குளத்தங்கரைக் கூடைக்காரி ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"இன்னா பாப்பா, தெனிக்கும் எலுமிச்சம்பயம் வாங்கிக்கினு போறே. வூட்ல யார்க்குனா பித்தமா?"

எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

எறும்புகள்தான் என்னைக் காட்டிக்கொடுத்தன. தலையணையில் அவை வரிசையாகப் போவதைப் பார்த்த சித்தி, மறுநாள் மத்தியானம் தூங்குகிற மாதிரி படுத்திருந்துவிட்டு மாடியேறி வந்தாள்.

"ஏண்டி, பேய் கீய் பிடிச்சிருக்கா உனக்கு? இத்தன வருஷம் நான் எண்ணெய் வெச்சது இதுக்குத்தானா? பாக்கறவங்க என்னத்தானேடி பேசுவாங்க?"

அவள் பேசியதில் நியாயம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பஸ், ஜன்னல், அம்மாவின் முடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சித்தி கைப்பிடிச்சுவர் நிழலில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியாதுடி, அக்கா எப்படி இருப்பாங்கன்னு" என்றாள். நேரில் காணாத என் அம்மாவை அவள் எப்போதும் அக்கா என்றுதான் சொல்லுவாள். "தெனம் அந்தப் படத்துக்குப் பூ வெக்கறேன். இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க பயம்."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணம் வெளியே வரவில்லை. தேன் பாட்டில் மட்டும் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு, என் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்திருந்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நிறம் வந்துவிட்டது. நிழலில் தெரியாது. வெயிலில் நின்றால் பழுப்பு. கையில் எடுத்துப் பார்த்தேன், வைக்கோல் மாதிரி சொரசொரத்தது. அதனால் என்ன, நிறம் அதே நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கூடத்து ஜன்னலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவளுக்கும் ஆவல்.

அப்பா பேப்பரைப் புரட்டும்போது நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் காத்திருந்த முகம் அது இல்லை. விருட்டென்று எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"காய்ச்சல் இருக்கா பாப்பா? சாப்பாடு ஒழுங்கா இறங்குதா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் சித்தி பக்கம் திரும்பினார். "எத்தன நாளா இவ தலை இப்படி இருக்கு? ஏன் எங்கிட்ட சொல்லல? பொடவைய மாத்து, டாக்டர்கிட்ட போகணும்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. நானாத்தான் பண்ணிக்கிட்டேன். அம்மா முடி இந்த நிறம்தானே?"

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"உங்கம்மாவுக்குக் கருகருன்னு முடி. சீப்பு இறங்காது. ஜடை போட்டுவிட ரெண்டு ஆள் வேணும். இது..." என் முடியை ஒற்றை விரலால் தொட்டார். "இது நோவுல வந்த நிறம். கடைசி வருஷம் ரத்தம் சுண்டிப் போய் முடியெல்லாம் இப்படி ஆயிடுச்சு."

பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அடையாற்றில் ஆஸ்பத்திரி, அங்கே போய்வந்த பஸ் அது என்றார். முதலில் சில தடவை அவரும் கூடப் போனாராம். அப்புறம் கடையில் லீவு தரவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்னையும் தூக்கிக்கொண்டு அவள் தனியாகவே போய் வந்திருக்கிறாள்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அப்பா அம்மாவைப் பற்றிப் பேசினார், சித்தி கேட்டாள், நானும் கேட்டேன். ஆனால் அந்தக் கருகரு முடிக்காரியை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவள் நோயாளி. அவளை அப்பா மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். நோய் என்று தெரிந்த பிறகும் ஏக்கம் குறையவில்லை. இன்றுவரைக்கும் குறையவில்லை.

சித்தி எண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். இனி இந்த நிறத்தை விட்டுவைக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அப்பா தானே தேய்த்துவிடுகிறேன் என்று எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். எண்ணெய் விழவில்லை. நான் காத்திருந்தேன்.

"பாப்பா" என்றார். "பஸ்ல போறப்போ அவ அழுவாளா?"

இத்தனை வருஷம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தூக்கிக்கொண்டு போனது இந்தக் கேள்வியைத்தான் என்று அப்போது புரிந்தது. இருந்த ஞாபகத்தையெல்லாம் கிளறிப் பார்த்தேன், அந்த நிறத்தைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

"இல்லப்பா. பாலம் வந்ததும் என்னைத் தூக்கி ஜன்னல்ல நிக்க வெப்பாங்க. தண்ணி பாரு, தண்ணி பாருன்னு சிரிப்பாங்க."

"சிரிப்பாளா?"

"சிரிப்பாங்கப்பா."

என் முடியை இரண்டு கையிலும் அள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அப்பா அப்படியே இருந்தார். பிறகு சித்தியைப் பார்த்து, எண்ணெய் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.