திருப்பிக் கொடுத்த ஒரு படி ராகி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், எழுத்துக் கோணலாக இருக்கும் என்று எனக்கே ஒரு சாக்கு. உண்மையான காரணம் வெட்கம்தான். போன வாரம் அந்த வெட்கத்தையும் மீறிக் கோபம் வந்துவிட்டது.

மருமகள் போனில் ஆர்டர் போட்டு வாங்கிய காய்ந்த மொச்சையைப் பிரித்தாள். உள்ளே பூச்சி. வைட்ஃபீல்டு ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அவள் செருப்பு மாட்டுவதற்குள், வேறு பாக்கெட் வரும் என்று பதில் வந்துவிட்டது. "இத குப்பைல போட்டுடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு பூச்சிக்கு ஒருத்தரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

நான் பாக்கெட்டை முகர்ந்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஓட்டை விழுந்த பயறுக்கு ஒரு வாசனை உண்டு, ஈரச் சுவரும் பழைய மாவும் கலந்த மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தானிய மண்டியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த காலம் முழுக்க எனக்கு அந்த வாசனைதான். மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்துப் பரப்பிப் பார்த்து, என்ன பூச்சி என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் முகம் நீண்டு தும்பிக்கை மாதிரி இருந்தால் மூக்கு வண்டு. ரவையிலும் மாவிலும் சிவப்பாகத் தட்டையாக ஓடினால் செவ்வண்டு. மாவு நூல் நூலாகக் கட்டிக்கொண்டால் அந்துப்பூச்சியின் புழு. குட்டையாக, பழுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளியோடு, மொச்சையை வட்டமாகத் துளைத்து வெளியே வருவது பயறு வண்டு. என்னைப் 'பூச்சிக்காரி' என்றே கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை வேறு, பாருங்கள்.

அந்தப் பேர் கல்யாணமாகி ஸ்ரீராம்புரம் வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. எங்கள் சந்து அம்மன் கோயிலில் ஆடிக் கூழுக்கு வீட்டுக்கு ஒரு படி ராகி. எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டி, மில்லுக்கு அனுப்புமுன் பாயில் பரப்பிக் கல் பொறுக்குவோம். கலந்த பிறகு எது யார் வீட்டுது என்று தெரியாது. அம்மாவுக்கு முன்னால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

ஒரு வருஷம் பரப்பியபோது பூச்சி ஓடியது. கமிட்டித் தலைவர் நாற்காலியை விட்டு எழாமலே, "யாரு ரேஷன் ராகி போட்டது?" என்றார். ரேஷன் வாங்காத வீடு எங்கள் சந்தில் ஏது? அவர் வீட்டிலும் கார்டு உண்டு. ஆனாலும் எல்லார் கண்ணும் சரசாவிடம் போனது. தெருப் பெருக்கும் வேலைக்குப் போகிறவள். குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகளுக்கு விடாமல் அடித்த ஜுரம் விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விட்டதும் முதல் தடவையாகப் படி கொண்டுவந்திருந்தாள்.

"பூச்சிக்காரி, நீ பாத்து சொல்லும்மா" என்றார் தலைவர்.

குனிந்து பார்த்தேன். பயறு வண்டு. ராகியில் அது பிழைக்கவே பிழைக்காது, யார் பையிலிருந்தோதான் வந்திருக்கும். யார் பை என்பதும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. முதல் நாள் மொச்சையைக் கொட்டிவிட்டு, உதறாமல், அதே பையில்தான் நான் ராகி எடுத்து வந்திருந்தேன். ஊரார் மூட்டையெல்லாம் சோதித்தவளுக்குச் சொந்தப் பையை உதறத் தோன்றவில்லை.

"இது ராகில வர்ற பூச்சி இல்லீங்க" என்றேன். அதோடு நின்றுவிட்டேன்.

"அப்ப குப்பைலேந்து வந்திருக்கும்" என்றார் அவர். நாலு பேர் சிரித்தார்கள்.

கலந்து கிடந்த அதே ராகியிலிருந்து ஒரு படி அளந்து சரசாவின் பையில் கொட்டினார்கள். "உன்னுது பேடாம்மா, வேணாம், எடுத்துக்கினு போ." அந்தப் படியில் தலைவர் வீட்டு ராகியும் இருந்திருக்கும், என் வீட்டு ராகியும் இருந்திருக்கும். மிச்சத்தைப் புடைத்து, அரைத்து, அம்மனுக்கே காய்ச்சினோம். இது என்ன சுத்தம்? எந்த ஊர் பக்தி?

சரசா சண்டை போடவில்லை. என் பக்கத்தில் வந்து, "அக்கா, அம்மா வாங்கிக்கலன்னா எம்பொண்ணுக்கு மறுபடி வந்துருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்றேன். அது வந்த வாயில் 'என் பை' என்ற இரண்டு வார்த்தை வரவில்லை. மறுநாள் அவள் கோயில் பக்கம் வரவில்லை. நான் இரண்டு சொம்பு கூழ் குடித்தேன்.

பெற்றவள் எந்தப் பிள்ளையின் படியையும் தள்ள மாட்டாள். தள்ளியது நாங்கள். சிரித்த நாலு பேரைவிட, தெரிந்தும் வாயை மூடிக்கொண்ட என்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

சில மாதத்தில் சரசா வீட்டைக் காலி செய்துவிட்டாள். ஊருக்கு வெளியே ஹெப்பகோடிப் பக்கம் என்றார்கள். இரண்டு தடவை தேடிப் போனேன், கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. எங்கள் சந்திலோ அடுத்த ஆடியிலிருந்து ஒவ்வொருத்தியும் அடுத்தவள் பையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வையே வழக்கத்தைக் கொன்றுபோட்டது. இப்போது கோயிலுக்குப் பாக்கெட் மாவு வந்து இறங்குகிறது. சுத்தமாக இருக்கிறதாம். ராகிப் படியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வருகிற ஒரு பெண்ணைக்கூட ஆடியில் காண முடியவில்லை.

இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். எனக்கு மரியாதை பார்த்து என் பையை விட்டுவிடாதீர்கள், நான் அழுததாக ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். வாய் மாறி வாய் மாறி ஹெப்பகோடி வரைக்கும் போனால், சரசாவின் மகள் காதில் விழட்டும்: அவள் அம்மா கொண்டுவந்த ராகியில் பூச்சி இல்லை.