தனிக் கரண்டி

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருக்கிறேன். தினமும் காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, நாங்கள் நால்வர் தேநீரைச் சுவைத்துப் பார்ப்போம். உறிஞ்ச எல்லோருக்கும் ஒரே கரண்டி, துப்ப ஒரே வாளிதான். பத்து வருடமாக யாருக்கும் குமட்டியதில்லை.

எங்களில் இளையவரான செல்வம் காதலிப்பது ஓர் ஆணைத்தான் என்ற செய்தி, எல்ல என்ற ஊர்ப் பக்கம் போய்வந்த லொறியில் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தது. மறுநாள் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் புதுக் கரண்டியொன்றை அவரிடம் நீட்டினார்.

“செல்வம், இது ஒனக்கு. எல்லாம் சொகாதாரத்துக்குத்தாம்ப்பா.”

பாகுபாட்டைப் பற்றி அலுமாரி நிறையப் புத்தகம் வாசித்தவன் நான். என்ன சொன்னேன் தெரியுமா?

“நல்ல வேள, துப்புறதுக்குத் தனி வாளி வைக்கல!”

எல்லோரும் சிரித்தார்கள். நாலு பேர் சிரிப்பார்களென்றால் நான் எதையும் துப்புவேன்.

செல்வம் என்னைப் பார்த்தார். “அண்ணே, பத்து வருசமா ஒங்க வெத்தல வாய்க்கு அப்புறந்தான் நான் உறிஞ்சுனேன். ஒருநாளாவது மொகம் சுளிச்சேனா?”

மாலையில் இடமாற்றக் கடிதம் அடித்துத் தரும்படி என்னிடமே வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“டைப் பண்ணுங்கண்ணே.”

“காரணம் என்னன்னு போட?”

“சொகாதாரம்னு போடுங்க.”

போட்டேன். நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அவர் லுணுகலைப் பக்கம் போய்விட்டார். நான் அழைத்தால் எடுப்பதில்லை, எடுக்க வேண்டியதுமில்லை.

அவர் விட்டுப்போன அந்தக் கரண்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் மாதம் நானே அதில் சுவைத்தேன். இப்போது யாராவது யாரைப் பற்றியாவது அப்படிக் கிண்டல் தொடங்கினால், அதை எடுத்து நீட்டுகிறேன். போன வாரம் டீமேக்கரிடமே நீட்டினேன்.

“இந்தாங்க, சொகாதாரம்.”

யாரும் சிரிக்கவில்லை.