கல்பாசியும் வண்டி மாடும்

போன வெள்ளிக்கிழமை கந்தூரி விருந்தில் நெய்ச்சோற்றைப் பிசையும்போது, வாசத்துக்குப் போட்ட ஒரு துண்டு கல்பாசி என் விரலில் ஒட்டிக்கொண்டது. கறுத்துச் சுருண்ட அந்தத் துண்டைப் பார்த்ததும் அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் கூப்பிட்ட வண்டிக்காரரின் கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையைச் சோற்றிலிருந்து எடுக்கவைத்தவன் நான்.

பல வருடங்களுக்கு முன் பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மசாலாக் கிடங்கில் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி தராசு முள்ளைப் பார்ப்பதுதான் என் வேலை. கப்பலில் வந்த மூட்டைகளை ஒற்றை மாட்டு வண்டியில் கொண்டுவந்து, முதுகில் சுமந்து இறக்குவது நானாவின் வேலை. மாட்டுக்குப் புல் போட்டு, அது மென்று முடித்த பிறகுதான் தன் வாயில் ஏதாவது போடுவார்.

அந்த வருடக் கந்தூரியில் நாங்கள் நால்வர் ஒரே சகனைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தப் பெரிய தட்டில் சேர்ந்து உண்பதும், எல்லாரும் முடிக்கும்வரை யாரும் கையை எடுக்காமல் இருப்பதும் எங்கள் வழக்கம். காலையிலிருந்து மூட்டை இறக்கியிருந்த நானா பெரிய பெரிய கவளமாக அள்ளினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சோற்றில் கிடந்த கல்பாசியை எடுத்துக் காட்டினேன்.

“இது மரத்துல ஒட்டிக்கிட்டு காத்தையும் பனியையும் குடிச்சே வாழுது, வாசமும் குடுக்குது. நம்ம நானா வண்டி மாடுலா. கட்டுக் கட்டாப் புல்லு போட்டாலும் பத்தாது.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். பிறகு தன் பக்கமிருந்த இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“போதும்லா தம்பி. நீங்க சாப்பிடுங்க.”

அன்று அவருக்கு அதுதான் முதல் சோறு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இறைச்சியை நான் தின்றேன்.

அதன்பின் அவர் எந்தச் சகனிலும் உட்காரவில்லை. கந்தூரிதோறும் தட்டுத் தூக்கிப் பரிமாறுவார். உட்காரச் சொன்னால், மாடு தனியாக நிற்கிறது என்பார். அவர் சுமந்துவந்த மூட்டை இல்லாமல் எனக்குத் தராசு ஏது, நாற்காலி ஏது? ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவன் நான்தான். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வேறொரு வண்டிக்காரர் மூட்டையோடு வந்து, நானா மாட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டதாகச் சொன்னார். வெட்கம் இன்றுவரை ஆறவில்லை.

இப்போது மூட்டைகள் லாரியில் வருகின்றன. வெள்ளிக்கிழமை என் சகனில் எதிரே உட்கார்ந்தவர் லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர். என் வயிறு நிறைந்து வெகுநேரமாகியிருந்தது. நான் கையை எடுத்தால் அவரும் எடுத்துவிடுவாரே என்று ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மச்சானுக்கு இன்னைக்கு மாட்டுப் பசிலா,” என்றார் பக்கத்தில் இருந்த என் மச்சான்.

எல்லாரும் சிரித்தார்கள். விரலில் ஒட்டிய கல்பாசியோடு நானும் சிரித்தேன். கையை எடுக்கவில்லை.