துக்கமணி அடித்தபோது நின்ற கை

என் வீட்டுக்காரர் எட்வினுக்குக் கள்ளக்குறிச்சியில் மோட்டார் கடை ஒன்றில் வேலை. ஞாயிறு பூசை முடிந்தால் போதும், பெட்டி மாதிரி இருக்கும் பெரிய கேமராவோடு கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிடுவார். அதில் ஒரு படத்துக்கு ஒரு ஃபிலிம் தாள். கறுப்பு வெள்ளைதான். கழுவுவது எங்கள் குளியலறையில். அந்த நேரம் யாருக்காவது அவசரமென்றால் பக்கத்து வீட்டுக்குத்தான் ஓட வேண்டும்!

கும்மிருட்டில் தட்டில் மருந்தை ஊற்றி, தாளை மூழ்கவிட்டு, நிறுத்தாமல் ஆட்ட வேண்டுமாம். நின்றால் மருந்து ஒரே இடத்தில் தேங்கிப் படம் திட்டுத்திட்டாகிவிடும். இருட்டில் கடிகாரம் ஏது? 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லியே நேரத்தை அளப்பார். வெளியே நின்றால் முணுமுணுப்பு கேட்கும்.

மாமனார் செபாஸ்தியானுக்குப் படமென்றாலே ஆகாது. செல்போனை நீட்டினால் கையால் முகத்தை மறைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுவந்து, "எடுடா, பாக்கலாம்" என்று தானே உட்கார்ந்தார். ஃபிலிம் பெட்டியில் மிச்சம் இரண்டே தாள். ஒன்றில் இவர் எடுத்தார்.

அன்று மாலை கழுவிக்கொண்டிருக்கும்போது கோவிலில் துக்கமணி அடித்தது. எதிர்த்தெருவில் யாரோ இறந்திருந்தார்கள். துக்கமணி கேட்டால் கைவேலையை நிறுத்தி, சிலுவை வரைந்து, இறந்தவருக்காக 'நித்திய இளைப்பாற்றியை' செபம் சொல்வது எங்கள் பழக்கம். இவரும் தட்டை விட்டுவிட்டு முழுசாகச் சொல்லியிருக்கிறார். மாமாவின் முகம் பாதி தேமல் விழுந்ததுபோல வந்தது.

"இன்னாடா, என் மூஞ்சி வந்துச்சா?" என்று மாமா தினமும் கேட்டார்.

"காஞ்சிக்கினு இருக்குதுப்பா."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னும் ஒரு தாள் இருக்குதுல்ல? மாமாவ எடுங்களேன்" என்று நச்சரித்தேன். அதற்குள் மழை பிடித்து, மலையிலுள்ள மேகம் அருவியில் தண்ணீர் கொட்டுகிறதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளோடு இவர் கேமராவைத் தூக்கிவிட்டார்.

"அப்பா எங்க போயிடப் போறாரு லிடியா? அருவிதான் வத்திப்பூடும்."

அருவி ஒரு திட்டுகூட இல்லாமல் வந்தது. என்ன பிரயோசனம்? அடுத்த வாரமே மாமா மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அஞ்சலி பேனருக்கு வாக்காளர் அட்டையிலிருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். கண்ணும் மூக்கும் யாருடையதோ போல இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்த மனிதர் அதில் இல்லை.

மாமாவுக்குத் துக்கமணி அடித்தபோது வீட்டிலிருந்த எல்லோரும் சிலுவை வரைந்தார்கள். இவர் வரையவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'அருள் நிறைந்த மரியே' என்று முணுமுணுத்தபடி, மடியில் இல்லாத தட்டை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டே இருந்தார். நன்றாகத் திட்டித் தீர்க்க வேண்டுமென்று வைத்திருந்தேன். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.