இடப்பக்கத்துக் காலடி

ரிஸ்கானின் அணியில் நிஷாந்திக்கு 'காது' என்று பெயர். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ரிஸ்கான் ஒரு கேம் கடை நடத்துகிறான். ஞாயிறு மத்தியானங்களில் அங்கே அவனும் தனுஷனும் நிஷாந்தியும் சேர்ந்து கணினியில் துப்பாக்கிச் சண்டை ஆடுவார்கள். சுவருக்கு அப்பால் எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான், மரப்படியில் ஏறுகிறானா புல்லில் நடக்கிறானா என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை.

மற்ற ஆறு நாளும் அவள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நிற்பாள். அங்கே அதை 'ஸ்டோரு' என்பார்கள். தூள் சலிக்கும் இயந்திரம் அவளுக்கு இடப்பக்கம். எட்டு வருஷமாக அதே இடம். அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிடக்கூடத் தோளைத் தொட வேண்டும். ஹெட்செட்டை மாட்டும்போதுதான் உலகத்தில் சின்னச் சத்தங்களும் உண்டு என்ற ஞாபகம் அவளுக்கு வரும்.

நுவரெலியாவில் போட்டி என்று தெரிந்ததும் ரிஸ்கான் புது சரவுண்ட் ஹெட்செட் வாங்கி வந்தான். முதல் ஞாயிறே அவள் "வலது" என்றாள். எதிரி இடப்பக்கமிருந்து வந்தான். தனுஷன் செத்தான். அடுத்த ஆட்டத்திலும் அதேதான்.

"இதுல உள்ளதும் ரெண்டே ஸ்பீக்கர்தான் தங்கச்சி," என்றான் ரிஸ்கான். "சுத்தி வர கேக்குற மாதிரி சொஃப்ட்வெயார் ஏமாத்துது. சிலருக்கு அது குழப்பும். நீ பழைய ஸ்டீரியோவையே மாட்டு."

மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டாள்.

"இதுல இடது பக்கம் செத்துப்போச்சு நானா." ரிஸ்கானை அண்ணன் முறையில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவன் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். "எனக்குக் கேக்குதே."

பிறகு அதைத் திருப்பி, இடது ஸ்பீக்கர் அவளுடைய வலக்காதில் படும்படி மாட்டிவிட்டான். காலடிச் சத்தம் கணீரென்று கேட்டது. அவள் முகத்தைப் பார்த்த ரிஸ்கான் திரையை அணைத்துவிட்டான்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் சின்ன அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள்.

"நரம்பு பாதிச்சிருக்கு. போனது திரும்பாது," என்றார் டாக்டர். "மெஷின் சத்தமா, ஹெட்செட்டா, வேற எதுவுமான்னு என்னால பிரிச்சுச் சொல்ல ஏலாது. இருக்கிற காதைக் காப்பாத்திக்கங்க."

டாக்டருக்குப் பிரித்துச் சொல்ல முடியாததை மற்றவர்கள் சுலபமாகச் சொன்னார்கள். "அந்தக் கடைக்குப் போகாதன்னு எத்தன தடவ சொன்னேன்," என்று அம்மா அழகம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அது ஸ்டோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வேறு பகுதிக்கு மாற்றித் தரும்படி நிஷாந்தி கேட்டபோது, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் தலையை நிமிர்த்தவில்லை.

"கேம் ஆடிக் காதைக் கெடுத்துக்கிட்டு ஸ்டோரு மேல பழி போடாதம்மா."

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்ற சந்தேகம் அவளுக்கும் இருந்தது. வாரம் ஒரு மத்தியானம் எங்கே, எட்டு வருஷம் எங்கே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

போட்டிக்கு அவளுக்குப் பதிலாகத் திலக்ஷன் என்ற புதியவன் போனான். நிஷாந்தி பார்க்கப் போயிருந்தாள். பேசுகிறவர்கள் வலப்பக்கம் இருக்கட்டும் என்று வரிசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். திலக்ஷன் ஒரு தடவைகூடத் திசையைத் தவறவிடவில்லை.

வெளியே வந்ததும் ரிஸ்கான் அவளிடம் வந்தான்.

"காலடி வர்ற பக்கத்தைத் திரையில கோடு போட்டுக் காட்டுற செட்டிங் ஒண்ணு இருக்கு. அதைப் பாத்தே ஆடலாம். ஞாயித்துக்கிழம வா."

"பாத்து ஆடுறவங்க நெறய பேர் இருக்காங்க நானா," என்றாள் நிஷாந்தி. "நான் கேட்டு ஆடுனவ."

அவன் மறுபடி கூப்பிடவில்லை. அவளும் அந்த மாடிப்படி ஏறவில்லை. இன்றும் அதே இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். காலையில் உள்ளே நுழையுமுன் வலக்காதில் மட்டும் பஞ்சை அடைத்துக்கொள்கிறாள்.