கற்பூரம் காட்டிய காப்பி

முதலாளி இருந்தார். அவர் மகள் இருந்தாள். சென்னையில் வேலை, இங்கிலீஷ் பேசுவதற்காக லீவு போட்டு வந்திருந்தாள். பேக்கிங் பார்க்கும் அக்கா இருந்தாள், ஆரம்பாக்கத்துக்காரி. காப்பிக்கொட்டை வறுக்கிற நான் இருந்தேன். போனுக்குள் போலந்து நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அங்கே ஆறு மேசை போட்டுச் சின்னதாகக் காப்பிக்கடை வைத்திருப்பவர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் ஷெட். ஏற்காட்டுக் கொட்டை வாங்கி வறுத்து விற்கிறோம். இங்கே கடைக்காரர்கள் பெரிய கம்பெனித் தூளுக்குப் போய்விட்டார்கள். வெளிநாட்டுச் சின்னக் கடைகள் வாங்கினால் உண்டு. இல்லாவிட்டால் பொங்கலோடு ஷெட்டை மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மகள் நாற்பது கடைகளைத் தேடிப் பிடித்தாள். கடைக்கு ஒன்றாகச் சாம்பிள் பாக்கெட் அனுப்பினோம். முதலில் போய்ச் சேர்ந்தது இவருக்கு.

மதியம் மூன்று மணி. அவருக்குக் காலை. பாக்கெட்டைப் பிரித்தார். மூக்கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இன்னாமா சொல்றாரு?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் சொல்லல நைனா. மோந்து மோந்து பாத்துக்கினு இருக்காரு."

"துரைக்கு ஜலதோஷமா இருக்கும்" என்றாள் அக்கா.

போலந்துக்காரர் ஏதோ சொன்னார். மகள் போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள்.

"அவருக்கு இல்ல அக்கா. நம்ம காப்பிக்குத்தான் ஜலதோஷம். தைலம் தேச்ச வாசனை வருதாம்."

"மலைக் காப்பில தைலம் எப்படி வரும்? நல்லா பாக்கச் சொல்லு" என்றார் முதலாளி.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சாம்பிள் கட்டிய வெள்ளிக்கிழமை, வறுத்த கொட்டை முழுவதும் தட்டுகளில் திறந்து கிடந்தது. சாமிக்குக் காட்டாமல் மூடக்கூடாது என்றார் முதலாளி. கற்பூரம் ஏற்றினார். காற்றில் அணைந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். மூன்று சுற்று சுற்றினார். புகை அடங்குமுன் பாக்கெட்டை ஒட்டினோம்.

வறுத்த கொட்டை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். என் சோற்று டப்பாவைக்கூட அந்த அறைக்குள் நான் கொண்டுபோவதில்லை.

போலந்துக்காரர் அரைத்து, போட்டு, ஒரு வாய் குடித்தார். கப்பைத் தள்ளி வைத்தார். நன்றி சொன்னார். மரியாதையான மனிதர். போனை வைத்துவிட்டார்.

முதலாளி என்னைக் கேட்டார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"வாயில இன்னா வெச்சிருந்த?"

"நீங்க கற்பூரத் தட்டக் கையில வெச்சுக்கினு கண்ண மூடி நின்னீங்க."

முதலாளி மகளிடம் திரும்பினார்.

"மீதிய நிறுத்த முடியுமாமா?"

அவள் போனில் பார்த்தாள். "எல்லாம் பிளேன் ஏறிடுச்சு நைனா."

"வேற அனுப்பலாமா?"

பதில் என்னிடம்தான் இருந்தது. இருந்த கடைசி மூட்டை சாம்பிளோடு தீர்ந்தது. புதுக்கொட்டை மாசியில்தான் வரும். பொங்கல் அதற்கு முன்னால்.

"கொட்டை இல்ல" என்றேன்.

முதலாளி எழுந்து போய் ஃபேனைப் போட்டார். எதற்கென்று தெரியவில்லை. அறையில் இப்போது புகை ஒன்றும் இல்லை.

கடைகளின் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. அக்கா பேனா எடுத்துப் போலந்தை அடித்தாள். அடிக்காதது முப்பத்தொன்பது.